பத்து சிட்டிங் லேசரில் கை வீக்கம் வடிந்துவிடுமா?

9 பிப்ரவரி 2024, காலை (கேள்வி)

அம்மாவுக்கு 58 வயசு. கேன்சர்னு இடது மார்பு எடுத்து மூணு வருஷம் ஆச்சு. மருந்து ஏத்தி, கரண்ட் (கதிர்வீச்சு) வச்சு எல்லாம் முடிஞ்சுது. ஆறு மாசமா இடது கை வீங்கிட்டே வருது. கல்யாணத்துக்குப் போட்ட வளையலை சோப்பு போட்டுக் கழட்ட வேண்டியதாப் போச்சு. தெருவுல யானைக்கால் மாதிரி இது யானைக்கைன்னு பேசுறாங்க. ஒரு பிசியோ சென்டர்ல பத்து சிட்டிங் லேசர், 12,000 ரூபாய், கை பழையபடி ஆயிடும்ங்கிறாங்க. யாராச்சும் எடுத்திருக்கீங்களா? நிஜமா, பொய்யா?

9 பிப்ரவரி, இரவு

பொய்.

நான் எடுத்திருக்கிறேன். 2016-ல் வலது பக்கம் ஆபரேஷன், அக்குளில் 19 நெறிக்கட்டிகளை எடுத்தார்கள். அடுத்த வருஷமே கை வீங்கியது. இருபத்தெட்டு வருஷம் கரும்பலகையில் கணக்குப் போட்ட கை. 2021-ல் இதே மாதிரி ஒரு இடத்தில், இதே மாதிரி பேச்சு. ஐந்து சிட்டிங் போனேன். ஒரு பேனா மாதிரி சாதனத்தை அக்குளில் வைப்பார்கள், எடுப்பார்கள். சூடும் இல்லை, குளிரும் இல்லை, ஒரு மண்ணும் தெரியாது. ஐந்தாவது நாள் அளந்தால் கை அதே அளவு. மீதிப் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்தக் காசுக்குக் கையை இறுக்கிப் பிடிக்கும் உறை, அதுதான் ஸ்லீவ், இரண்டு வாங்கியிருக்கலாம்.

10 பிப்ரவரி

முதலில் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு என் பணத்துக்கு அழுதிருக்கிறேன். தம்பி, லேசரோ, கையைச் சுற்றிப் போடும் பேண்டேஜ் கட்டோ, எதுவானாலும் பிறகு. ஆபரேஷன் முடிந்து மூன்று வருஷம் கழித்துப் புதிதாக வீக்கம் வருகிறது என்றால் முதலில் அம்மாவைப் பழைய கேன்சர் டாக்டரிடம் காட்டுங்கள். அக்குளில் நோய் திரும்பியிருக்கிறதா, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. பெரும்பாலும் இரண்டும் இருக்காது. ஆனாலும் பார்க்க வேண்டும். நோய் இருக்கும் இடத்தில் லேசர் வைக்கக் கூடாது, நீவிவிடவும் ஆள் தேடக் கூடாது.

இன்னொன்று. இது யானைக்கால் இல்லை என்று தெருவில் சொல்லுங்கள். யானைக்கால் கொசு கொண்டுவரும் புழுவால் நிணநீர்க்குழாய், அதாவது உடம்பில் ஊறும் நீரை வடிக்கும் குழாய், கெட்டு வருவது. அம்மாவுக்கு அந்தக் குழாய் போய்ச் சேரும் இடத்தையே கத்தியும் கரண்ட்டும் கெடுத்திருக்கின்றன. கண்மாய்க்கு வரத்து இருக்கிறது, மடையைத் தூர்த்தாகிவிட்டது. தண்ணீர் எங்கே போகும்? அதுவும் வெறும் தண்ணீர் இல்லை, புரதம் கலந்த நீர். அதனால்தான் நீர் பிரியும் மாத்திரை போட்டாலும் இது வடிவதில்லை. நாள்பட நாள்பட தோல் கெட்டியாகி, உள்ளே நாரும் கொழுப்பும் சேர்ந்துவிடும்.

விரலால் பத்து எண்ணும் வரை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் இன்னும் நீர் நிலையில்தான் இருக்கிறது. நல்லது. சீக்கிரம் கட்டுப் போடுங்கள்.

13 பிப்ரவரி

"நீங்கள் ஐந்து சிட்டிங்கில் நிறுத்திவிட்டு மெஷினைத் திட்டுகிறீர்கள்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சுருக்கென்றது. இரண்டு நாளாக உட்கார்ந்து படித்தேன்.

இந்த லேசருக்கு அடிப்படையாக எல்லோரும் காட்டுவது அடிலெய்டு சோதனை. ஆஸ்திரேலியாவில் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் காராட்டி, பில்லர் குழு நடத்தியது, 2003-ல் வெளிவந்தது. 904 நானோமீட்டர் அலைநீள லேசர், கண்ணுக்குத் தெரியாத கதிர். அக்குளில் 17 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு நிமிஷம். வாரம் மூன்று நாள், மூன்று வாரம். அது ஒரு சுற்று. பிறகு எட்டு வாரம் சும்மா விட்டு, இரண்டாவது சுற்று. இன்னொரு குழுவுக்கு முதல் சுற்றில் ஒளியே வராத பொய் லேசர். யாருக்கு எது என்று வைப்பவருக்கும் தெரியாது, படுத்திருப்பவருக்கும் தெரியாது.

சிகிச்சை முடிந்த கையோடு அளந்தபோது யாருக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. இரண்டு சுற்றும் முடித்து மூன்று மாதம் கழித்து அளந்தபோதுதான் 31 சதவீதம் வீக்கம் குறைந்திருந்தது.

ஆக, நான் ஐந்தாவது நாள் டேப்பை எடுத்தது விதை போட்ட மறுநாள் மண்ணைக் கிளறிப் பார்த்த கதை. சகோதரி சொன்னது நியாயம்தான். பணத்தைத் திருப்பித் தராதது மட்டும் நியாயமில்லை.

14 பிப்ரவரி

மேலே எழுதியதில் பெரிய தப்பு. கணக்கு டீச்சர் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. வீக்கம் 31 சதவீதம் குறையவில்லை. பெண்களில் 31 சதவீதம் பேருக்கு 200 மில்லிக்கு மேல் குறைந்தது. பத்துப் பேரில் மூன்று பேர். மீதி ஏழு பேருக்கு அந்த அளவு இறங்கவில்லை. சதவீதம் வந்தால் "எதில்?" என்று கேள் என வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

200 மில்லி என்பது ஒரு காபி டம்ளர்.

15 பிப்ரவரி

அமெரிக்காவில் 2006-லேயே அங்கீகாரம் கொடுத்துவிட்டார்கள், அப்புறம் என்ன சந்தேகம் என்று கேட்டவருக்கு: ஆமாம், அந்நாட்டு மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது, ஒரு அடிலெய்டு கம்பெனியின் மெஷினைத்தான். அந்த அனுமதி அந்த மெஷினுக்கு, அந்த முறைக்கு. நம்மூர் சென்டரில் மூட்டுவலிக்கும் குதிகால் வலிக்கும் வைக்கும் எல்லா லேசருக்கும் அது பொருந்தாது. சூடு தெரியும் பெரிய லேசர் என்றால் நான் படுக்கவே மாட்டேன். வீங்கிய கைக்குச் சூடு ஆகாது. எந்த அலைநீளம், எத்தனை புள்ளி, ஒரு புள்ளிக்கு எவ்வளவு நேரம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் கையில் அம்மாவைக் கொடுக்க வேண்டாம்.

20 பிப்ரவரி

தம்பி எழுதியிருக்கிறார்: டாக்டர் பார்த்தாயிற்று, ஸ்கேன் சுத்தம். நிம்மதி. ஆனால் லேசர் என்றதும் அம்மா "மறுபடியும் கரண்டா, நான் மாட்டேன்" என்கிறாராம்.

என் மாமியாரும் இப்படித்தான் கேட்டார். கேன்சருக்கு வைக்கும் கரண்ட் செல்லைக் கொல்வதற்கு. இது அந்த ஜாதியே இல்லை, எக்ஸ்ரே மாதிரி ஊடுருவாது, தோல் கருகாது. செல்லைக் கொஞ்சம் தட்டி எழுப்புகிறது என்பதுதான் சொல்லப்படும் காரணம். கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட வேண்டும்.

இதன் பூர்வீகம் வேடிக்கை. 1967-ல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர், எலிகளுக்கு முடியை மழித்துவிட்டு, லேசர் ஏதும் கெடுதல் செய்கிறதா என்று பார்த்திருக்கிறார். கெடுதல் ஒன்றுமில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்துவிட்டது. இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். தலையைத் தடவிக்கொண்டே, "உன்கூட வந்து எனக்கும் ஒரு சிட்டிங் வச்சுக்கவா?" என்றார்.

2 மார்ச்

முடிவு செய்துவிட்டேன். இன்னொரு முறை, ஒழுங்காக. மதுரையில் நிணநீர் வீக்கத்துக்கென்றே படித்த ஒரு பிசியோ பெண். மூன்று கேள்விக்கும் டக் டக்கென்று பதில். சிட்டிங்குக்கு 400 ரூபாய், அன்றன்றைக்குக் கொடுத்தால் போதும். "சரியாயிடும்னு சொல்ல மாட்டேன் மேடம், பத்துல மூணு பேருக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றாள். அதைக் கேட்டுத்தான் சம்மதித்தேன். என் டாக்டரிடம் கேட்டதற்கு, "நோய் இல்லாம எட்டு வருஷம் ஆச்சு, எடுங்க, ஆனா கட்டை விடாதீங்க" என்றார்.

அளவு எடுக்கும் முறை, பலர் கேட்டதால். மணிக்கட்டிலிருந்து மேலே நாலு நாலு செ.மீ.க்கு மை வையுங்கள். ஒவ்வொரு மையிலும் சுற்றளவு. இரண்டு மைக்கு நடுவில் இருப்பது கூம்பின் இடைக்கண்டம். ஆமாம், பத்தாம் வகுப்பில் "இது எதுக்கு டீச்சர் உதவும்?" என்று கேட்டீர்களே, அதேதான். பெரிய சுற்றளவின் வர்க்கம், சின்னதின் வர்க்கம், இரண்டு சுற்றளவின் பெருக்கல், மூன்றையும் கூட்டி, உயரம் நாலால் பெருக்கி, 37.7-ஆல் வகுத்தால் மில்லி வரும். 30-ம் 31-ம் என்றால் 296 மில்லி. நல்ல கையில் அதே இடம் 27-ம் 28-ம் என்றால் 241. இப்படிப் பத்துத் துண்டையும் கூட்டி, இரண்டு கைக்கும் வித்தியாசம் பாருங்கள். எப்போதும் காலையில், ஒரே நேரத்தில். சாயங்காலம் கை கூடுதலாகத்தான் இருக்கும். முதலில் சாயங்காலம் அளந்துவிட்டு, பிறகு காலையில் அளந்து "பார்த்தீங்களா, வடிஞ்சிடுச்சு" என்று காட்டுவது ஒரு வித்தை.

இன்றைய கணக்கு: வலது கை இடதைவிட 640 மில்லி அதிகம்.

22 மார்ச்

முதல் சுற்று முடிந்தது. ஒன்பது தடவை திண்டுக்கல்–மதுரை பஸ். வித்தியாசம் 630. பத்து மில்லியெல்லாம் மை வைப்பதில் வரும் பிழை. ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

25 மார்ச்

லேசரைப் பற்றியே பேசி, வேலை செய்கிறதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கட்டுதான் ராஜா.

மருந்துக்கடையில் கேட்டால் கிரேப் பேண்டேஜைக் கொடுப்பார்கள். அது வேண்டாம். அது ரப்பராட்டம் இழுபடும், சும்மா இருக்கும்போதும் இறுக்கும், கை அசையும்போது விட்டுக்கொடுக்கும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு, குறைவாக இழுபடும் கட்டு. சும்மா இருக்கும்போது பாரம் தெரியாது. கையை மடக்கி நீட்டும்போது தசை போய்க் கட்டில் மோதும், அந்த மோதலில் நீர் மேலே ஏறும். முதலில் பஞ்சு, விரல்களுக்குத் தனியாகச் சன்னத் துணி, பிறகு கட்டு. விரல் பக்கம் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகத் தளர்வு. தலைகீழாகக் கட்டினால் கை பூசணியாகிவிடும். முதல் மாதம் பிசியோதான் கட்ட வேண்டும். வடிந்த பிறகு ஸ்லீவ். ஸ்லீவும் ஆறு மாதத்தில் துவண்டுவிடும், மாற்ற வேண்டும். அதைத்தான் யாரும் சொல்வதில்லை, என்னுடையது ஒன்றரை வருஷம் வெறும் அலங்காரத்துக்கு இருந்தது.

2013-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளிவந்தது. 46 பெண்கள். ஒரு குழுவுக்கு லேசர், ஒரு குழுவுக்குக் கையால் நீவுதல், ஒரு குழுவுக்கு இரண்டும். ஆனால் மூன்று குழுவுக்கும் கட்டு உண்டு. மூன்றிலும் வீக்கம் இறங்கியது, குழுக்களுக்கு நடுவே வித்தியாசம் சொல்லும்படி இல்லை. லேசர்க்காரர்கள் இதை "லேசரும் நீவுவதற்குச் சமம்" என்று படிப்பார்கள். நான் "மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது எது?" என்று படிக்கிறேன்.

3 ஏப்ரல்

தம்பி அனுப்பிய அளவு: அம்மாவுக்கு 1,500 மில்லி வித்தியாசம் என்கிறார். தம்பி, அது கையா குடமா? சுற்றளவு போட வேண்டிய இடத்தில் ஒரு கைக்கு இன்ச், ஒரு கைக்கு செ.மீ. போட்டிருக்கிறீர்கள் போல. மறுபடி அளங்கள்.

4 ஏப்ரல்

380. இதுதான் கை.

19 ஏப்ரல்

கேள்வி வந்தது: அந்தக் கையால் குடம் தூக்கலாமா? எனக்கும் டிஸ்சார்ஜ் அன்று "வெயிட் தூக்கவே கூடாது" என்றார்கள். ஐந்து வருஷம் ஒரு பை அரிசிகூடத் தூக்கவில்லை. கை சூம்பியும் போயிற்று, வீங்கியும் போயிற்று. 2009-ல் வந்த அமெரிக்க ஆராய்ச்சி, 141 பெண்கள், எல்லோருக்கும் ஏற்கெனவே கை வீக்கம். ஸ்லீவ் போட்டுக்கொண்டு, ஆள் மேற்பார்வையில், கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றித் தூக்கவைத்தார்கள். வீக்கம் கூடவில்லை. திடீர் திடீரென்று வீங்குவது குறைந்தே போனது. அதற்காக நாளைக்கே சிலிண்டரை உருட்ட வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்குங்கள்.

பி.பி. பார்ப்பது, ஊசி போடுவது பற்றி: 2016-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பார்த்ததில் அவற்றால் வீக்கம் வருவதாகத் தெரியவில்லை. அக்குள் நெறிக்கட்டிகளை முழுக்க எடுப்பது, உடம்பு எடை, கைத்தோலில் கிருமித் தொற்று வருவது, இவைதான் மாட்டின. ஆனாலும் நான் இடது கையைத்தான் நீட்டுவேன். பழக்கம்.

8 மே

அக்னி நட்சத்திரம். ஸ்லீவுக்குள் வேர்வை ஆறாக ஓடுகிறது. எரிச்சலில் இரண்டு நாள் கழற்றி வைத்தேன். மாடியில் படுத்தபோது கொசுக்கடி, சொறிந்தேன். நேற்று சாயங்காலம் முழங்கைக்குக் கீழே ரூபாய் அளவு சிவப்பு. ராத்திரி பத்து மணிக்கு முழங்கை தாண்டிவிட்டது, நடுக்கல் வேறு. 103 காய்ச்சல். இடது கையால் தட்டுகிறேன், பிழை பொறுக்கவும்.

17 மே

எழுந்துவிட்டேன். ஆன்டிபயாடிக் பதினான்கு நாள், இன்னும் பாக்கி இருக்கிறது. சிவப்பு, சூடு, காய்ச்சல் வந்தால் கட்டும் வேண்டாம், லேசரும் வேண்டாம், நீவவும் வேண்டாம். அன்றைக்கே டாக்டர். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. நிணநீர் தேங்கிய கையில் கிருமிக்குத் தடுப்பாரே கிடையாது. இரண்டாவது சுற்று ஒரு வாரம் தள்ளிப் போகிறது.

ஏப்ரலில் ஆராய்ச்சி எல்லாம் அடுக்கிவிட்டு மே மாதம் ஒரு கொசுவிடம் தோற்றேன். வீட்டுக்காரர் கொசுவலை வாங்கி வந்து பேசாமல் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த மௌனம்தான் தாங்கவில்லை.

14 ஜூன்

இரண்டாவது சுற்றும் முடிந்தது. வித்தியாசம் 620. அந்தக் காய்ச்சலில் 700-க்கு மேல் போய்த் திரும்பியிருக்கிறது.

ஒன்று மட்டும் எழுதிவைக்கிறேன், அப்புறம் கற்பனை என்று நானே சொல்வேன். மேல்கையின் உள்பக்கம் பலகை மாதிரி இருந்த இடத்தைக் கிள்ளிப் பிடிக்க முடிகிறது. டேப்பில் வராத மாற்றம். பிசியோவும் கிள்ளிப் பார்த்து "ஆமா" என்றாள். அவளுக்கு வேண்டியது 400 ரூபாய், எனவே அந்த ஆமாவுக்குப் பாதி மதிப்பெண்.

2 ஜூலை

தம்பி: லேசருக்குப் போகவில்லை. கட்டு மூன்று வாரம், 380 இப்போது 210. இதற்கு 12,000-ல் பாதிகூட ஆகவில்லையாம். அம்மா ஸ்லீவுக்கு அளவு கொடுத்திருக்கிறார். நல்ல காரியம். பிறகு வேண்டுமானால் லேசரைப் பார்க்கலாம், அவசரமில்லை.

15 செப்டம்பர்

மூன்று மாதம் ஆயிற்று. நேற்று அளந்தேன். நம்பாமல் இன்றும் அளந்தேன். 470.

640-லிருந்து 170 மில்லி இறங்கியிருக்கிறது. அடிலெய்டு கணக்கில் 200 வேண்டும். முப்பது மில்லி வித்தியாசத்தில் ஃபெயில். அந்தப் பத்தில் மூன்று பேரில் நான் இல்லை.

இதில் எவ்வளவு லேசர், எவ்வளவு புது ஸ்லீவ், எவ்வளவு காய்ச்சலுக்குப் பிறகு நாலு கிலோ இளைத்தது? பிரிக்க வழியில்லை. மூன்று தெரியாத எண், ஒரே ஒரு சமன்பாடு. கிள்ளிப் பிடிக்க முடிகிற இடம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு 7,200 ரூபாயும் பஸ்ஸும் கொடுத்தது வீணென்று எனக்குத் தோன்றவில்லை. கடன் வாங்கி ஒருவர் கொடுத்திருந்தால் வீண் என்றுதான் சொல்வேன்.

18 செப்டம்பர்

திருத்தம். இது கடைசித் திருத்தமாக இருக்கட்டும்.

ரவிக்கை தைக்க டெய்லரிடம் போனேன். 2017-ல் "டீச்சர், வலது கையை நான்தான் தப்பா எழுதிட்டேனோ?" என்று கேட்டவர். அதற்கப்புறம் ஒன்றும் கேட்காமல் வலது கைக்கு மட்டும் உள்ளே துணி விட்டுத் தைப்பவர். என் டேப்பும் அவர் கொடுத்ததுதான். கையிலிருந்ததை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். மேஜை மேலிருந்த இரும்பு ஸ்கேலில் வைத்தார். நூறு சென்டிமீட்டரில் ஒன்றரை காணோம். ஏழு வருஷம் இழுத்ததில் துணி டேப் நீண்டுவிட்டது, அதனால் எல்லாவற்றையும் குறைத்தே காட்டியிருக்கிறது.

வயிறு கலங்கிவிட்டது. அங்கேயே பில் புத்தகத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். சுற்றளவில் ஒன்றரை சதவீதம் என்றால் கொள்ளளவில் மூன்று சதவீதம். இரண்டு கைக்கும் அதே டேப், இந்த ஆறு மாதத்தில் புதிதாக நீண்டிருக்க இடமில்லை. ஆக 170 என்பது 175. அப்போதும் ஃபெயில்தான்.

புது டேப் கொடுத்தார், ஃபைபர், நீளாதாம். காசு வாங்க மாட்டேன் என்றார். இரும்பு ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.